மேல்படி நனைந்த நாள்

கண்புரை எடுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, "குனியாதே, தும்மாதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே" என்று வீட்டுச் சின்னவர்கள் மிரட்ட மிரட்ட உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் பாதியிலேயே போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். நமக்குத்தான் வேறு வேலை இல்லை. படிக்க உங்களுக்குத் தடை இருந்தால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போன மாதம் எனக்கு வலது கண்ணில் அறுவை நடந்தது. முந்தின நாள் டாக்டரம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். என் பேத்தி வயதுதான் இருக்கும் அவருக்கு. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்றார். எல்லாவற்றுக்கும் ஒப்பிப்பதுபோல் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில், "கூடப் பொறந்தவங்க யாருக்காவது விழித்திரை விலகியிருக்காம்மா?" என்று கேட்டார்.

"அப்பிடின்னா?"

"கண்ணுக்குள்ள பின்பக்கம் மெல்லிசா ஒரு படலம் ஒட்டியிருக்கும்மா. அது பிய்ஞ்சு வந்துரும். மொதல்ல பளிச் பளிச்னு மின்னும். பூச்சி பறக்குற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு ஓரத்துல இருந்து கறுப்பாத் திரை இறங்கும்."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தெரியலம்மா" என்றேன். அவர் தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் அண்ணனுக்கு இடது கண் பார்வை போய் அறுபத்தெட்டு வருடம் ஆகிறது. அவனே போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்தக் கண் உடம்புச் சூட்டினால் போனது என்றுதான் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை பேச்சு. அப்படி இல்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்த பக்கத்தில். அத்தா ஒரு சின்னத் தோல் மண்டி வைத்திருந்தார். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய முற்றம். அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கயிறு கட்டி, பதப்படுத்திய ஆட்டுத் தோல்களைக் காயப்போட்டிருப்பார்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய வாசம் சோற்றுப்பானை வரைக்கும் வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அந்த வாசம் இல்லாத இடத்தில் சோறு இறங்காது.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். காலை ரயிலில் மதுரைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவான். மூக்கின்மேல் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டால் அடுப்படியில் நிற்பது அம்மாவா தண்ணீர்ப்பானையா என்று அவனுக்குத் தெரியாது. இப்படிப்பட்டவன் கல்லூரியில் எதில் சேர்ந்தான் என்கிறீர்கள்? டைவிங்கில். உயரத்தில் பலகை கட்டியிருப்பார்கள். அதிலிருந்து எகிறி, காற்றில் கரணம் போட்டு, தலைகீழாக நீச்சல் குளத்தில் இறங்க வேண்டும். மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மார்க் போடுவார்கள். அந்தக் கல்லூரியின் பி.டி. சார் இவன் கிணற்றில் குதித்துப் பழகியவன் என்று கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டார். விளையாட்டுக்காரர்களுக்குத் தினமும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் உண்டு. அண்ணன் சேர்ந்ததில் பாதி அந்தப் பாலுக்காகத்தான் என்று அம்மா சொல்வார்.

கல்லூரிக் குளத்தில் தண்ணீர் மாற்ற இறைத்துவிட்டால் பத்து நாளைக்குக் குளம் காய்ந்து கிடக்கும். அதனால் சனி, ஞாயிறு காலைகளில் அண்ணன் நிலக்கோட்டைச் சாலையில் இருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றில்தான் பழகினான். தோட்டத்துக்காரர் அத்தாவின் கூட்டாளி. மல்லிகை போட்டிருந்தார். அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்து கிணறு நிறைந்திருந்தது. சைக்கிள் பாரில் என்னை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவான். இன்னும் இரண்டு வருடம் போனால் நான் வீட்டுக்குள் உட்கார வேண்டியவள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் கூட்டிப்போனானோ என்னவோ.

அந்தக் கிணற்றுக்கு ஒரு சட்டம் இருந்தது. மாடு கட்டி இறைத்த காலத்தில் தண்ணீருக்கு மேலே நீட்டி வைத்த இரண்டு கற்கள் உண்டு. பிள்ளைகள் அதிலிருந்து குதிப்பார்கள். உள்பக்கம் படிகள் இறங்கும். குதிக்கிறவன் எழுப்புகிற தண்ணீர் மேல்படியை நனைக்க வேண்டும். நனைத்தால்தான் அது குதி. நனைக்காவிட்டால் சும்மா விழுந்ததாக அர்த்தம். மேல்படியில் தோட்டத்துக்காரர் துண்டோடு உட்கார்ந்திருப்பார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தால் எல்லோரும் ஹோவென்று கத்திக் கைதட்டுவோம். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் காலையும் கையையும் கட்டிக்கொண்டு, உருண்டையாகப் போய் விழுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மல்லிகைக் கொல்லையில் பூப்பறிக்கும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அண்ணன் குதித்தால் ஒன்றும் நடக்காது. கண்ணாடியைக் கழற்றித் தகர டப்பியில் போட்டு என்னிடம் தருவான். கல்லின் வேரிலிருந்து நுனிக்கு நான்கு எட்டு. வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிவிட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணி நடப்பான். நான்காவது எட்டில் எழும்புவான். தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும் என்பான். எண்ணிக்கைதான் அவனுக்குக் கண். பழைய துணியைக் கிழித்தால் ஒரு சத்தம் வருமே, அந்த அளவுதான் கேட்கும். ஆள் உள்ளே போயிருப்பான். தண்ணீர் வட்டம் போட்டுக்கொண்டு சும்மா கிடக்கும்.

"தம்பி, எழுத்து தெரியாத பயலுகளே மேல்படிய நனைக்கிறான். காலேஜு படிச்சும் இம்புட்டுதானா நீயி?" என்று தோட்டத்துக்காரர் காய்ந்த துண்டை உதறிக் காட்டுவார். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு அழுகையே வந்தது.

அண்ணன் ஈரத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னான். "ஏ புள்ள, இது வேற ஆட்டம். தண்ணிக்கே தெரியாம உள்ள போகணும். மேல்படி நனைஞ்சா நான் தோத்துட்டேன்னு அர்த்தம். நீ மேல்படியவே பாரு. காஞ்சு கெடந்தா கை தட்டு."

அதற்குப் பிறகு நான் அப்படியே செய்தேன். பையன்கள் குதித்துப் படி நனைந்தாலும் கைதட்டினேன், அண்ணன் குதித்துப் படி காய்ந்து கிடந்தாலும் கைதட்டினேன். பத்து வயதில் இரண்டும் ஒன்றாக மனதில் இருக்க இடம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தாவே கிணற்றுக்கு வந்தார். மகன் படிப்பை விட்டுவிட்டு எங்கே போய்க் குதிக்கிறான் என்று பார்க்கத்தான் வந்தார். அண்ணன் இருப்பதிலேயே கடினமான ஒன்றரைக் கரணத்தைப் போட்டுக் காட்டினான். மேலே வந்ததும் அத்தா கேட்டார்.

"என்னலே இது? ஒரு தேங்கா விழுந்தாக்கூட இதவிடச் சத்தம் கேக்கும். இதுக்கா முட்டையும் பாலும் குடுக்குறாய்ங்க?"

"சத்தம் வரக்கூடாது அத்தா."

"வராட்டி ஒனக்கு யாருலே மார்க்கு போடுவா?"

அண்ணன் எவ்வளவோ சொன்னான். அத்தா தலையை ஆட்டினார். அது புரிந்த ஆட்டல் இல்லை. ஆனால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி மதுரையில் நடக்கிறது, முதல் இரண்டு பேர் மெட்ராஸுக்குப் போவார்கள் என்று கேட்டதும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கிளம்பிவிட்டது. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "மகன் மதுரையில குதிக்கப் போறான், வாங்க" என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் அழைத்தார்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை, தோல் ஏற்றும் லாரியைக் கழுவிவிட்டுச் சொந்தபந்தம் இருபத்தைந்து பேர் மதுரைக்குக் கிளம்பினோம். பெண்கள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மாமா ஒரு கூடை ஆயக்குடிக் கொய்யா கொண்டுவந்திருந்தார். எவ்வளவு கழுவினாலும் லாரி லாரிதானே. கல்லூரிக் குளத்துப் படிக்கட்டில் நாங்கள் போய் உட்கார்ந்ததும் முன்னால் இருந்த மாணவர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு எழுந்து தள்ளிப் போனார்கள். அதனால் எங்களுக்கு முதல் வரிசை கிடைத்தது. அத்தா அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

ஆளுக்கு ஐந்து டைவ். நான்கு முடிந்தபோது அண்ணன்தான் முதலிடத்தில் இருந்தான். ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் சொன்னார்கள். எங்களில் யாருக்கும் அது விளங்கவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மற்ற கல்லூரிப் பையன்கள் விழும்போது தண்ணீர் கொஞ்சமாவது தெறிக்கிறது, நம் பிள்ளைக்கு அதுகூட இல்லை என்பதுதான். எங்கள் வரிசை முழுவதும் இழவு வீடுபோல் உட்கார்ந்திருந்தது. அம்மா துப்பட்டிக்குள் விரல் விட்டுத் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே, "பாவம், பிள்ள பயந்துட்டான் போல. சத்தமே வரமாட்டேங்குது" என்றார்.

"சத்தம் வரக்கூடாதும்மா. அதான் ஆட்டமே" என்றேன்.

"நீ செத்த நேரம் சும்மா இரு புள்ள."

ஐந்தாவதாக அந்த ஒன்றரைக் கரணம். அண்ணன் மேலே ஏறிப் பலகையின் வேரில் நின்றான். அவனுடைய கண்ணாடி டப்பி என் மடியில் இருந்தது. கூட்டம் அடங்கியது. அவன் உதடு அசைவதைப் பார்த்து நானும் எண்ணினேன். ஒண்ணு. ரெண்டு.

"ஏலே, இந்தத் தடவையாச்சும் நல்லா ஓங்கி விழுலே!"

அத்தாதான். எழுந்து நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். அவ்வளவு ஆசையாகக் கத்தினார்.

அண்ணனுடைய மூன்றாவது எட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. பலகையின் நுனிக்கு அவன் வந்து சேர்ந்த விதம் சரியில்லை. எழும்பினான். ஒரு கரணம் வந்தது. மிச்சப் பாதி வரவில்லை. முகமும் நெஞ்சும் தட்டையாகத் தண்ணீரில் அறைந்தன. தோல் ஷாப்பில் ஈரத் தோலைக் கல்லில் அடிக்கும்போது கேட்கும் அதே சத்தம். தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி, மார்க் போடுகிறவர்களின் தாள்களை நனைத்து, எங்கள் வரிசைப் படிகளை நனைத்து, எங்களுக்கு மேலே இருந்த படிகளையும் நனைத்தது.

நான் கைதட்டினேன்.

எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எங்கள் இருபத்தைந்து பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். படி நனைந்தால் தோல்வி என்று அவன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஆனாலும் படி நனைந்தது, என் கை தட்டிவிட்டது. நான் தட்டியதும் அம்மா தட்டினார், மாமா விசில் அடித்தார், லாரி முழுவதும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அத்தா பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மற்ற கல்லூரிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பி.டி. சார் தலையில் கைவைத்துத் தரையில் குந்திவிட்டார்.

அண்ணன் மேலே வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தவன் கரையைத் தடவிப் பிடித்தான். முகத்தின் இடது பக்கம் முழுவதும் செக்கச்செவேல் என்றிருந்தது. கைதட்டல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினான். அவனுக்கு எங்களில் ஒருவரும் தெரிந்திருக்க மாட்டோம். வெறும் வெள்ளையாக ஏதோ தெரிந்திருக்கும். அந்த வெள்ளையைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினான்.

முதல் நான்கு டைவின் புண்ணியத்தில் அண்ணனுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அத்தா விடவில்லை. மார்க் போட்ட ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "அய்யா, நீங்களே நனைஞ்சு போய் ஒக்காந்திருக்கீங்க. இதுக்கு மேல ஒரு மனுசன் எப்பிடிக் குதிக்க?" என்று கேட்டார். அவர் தன்னைக் கிண்டல் செய்வதாக நினைத்து முறைத்தார். பி.டி. சார்தான் ஓடிவந்து, "பாய், வாங்க, ஒரு டீ சாப்டுவோம்" என்று அத்தாவை இழுத்துக்கொண்டு போனார். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு என்ன செய்வது என்று தெரிவதில்லை.

திரும்பும்போது அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை மாட்டினான், கழற்றினான், சட்டையில் துடைத்தான், மறுபடியும் மாட்டினான்.

"இதத் தொடச்சியா புள்ள?"

"நல்லாத் தொடச்சேன்."

"என்னமோ பறக்குது" என்று கண்ணுக்கு முன்னால் கையை வீசினான். லாரியில் கொய்யாவுக்கு ஈ வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மெட்ராஸ் போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. நான்காவதோ ஐந்தாவதோ நாள், காலையில் மொட்டை மாடிக்கு என்னைக் கூட்டிப்போனான். கீழே முற்றத்தில் தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. நடுக்கம்பத்துக்கு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. அவன் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் நடுக்கம்பத்தையே பார்த்தபடி எண்ணினான்.

"மூக்குப் பக்கம் எட்டுத்தான் தெரியுது. நீ எண்ணு, எத்தன இருக்கு?"

"பத்து."

"அப்பப்ப மின்னுது, கறுப்பா ஒரு சீல மூக்கோரத்துல இருந்து இறங்குது. நேத்து ஒம்பது தெரிஞ்சுச்சு." பிறகு என் தலையில் கையை வைத்தான். "யார்ட்டயும் சொல்லாத. அத்தாவுக்குத் தெரிஞ்சா மெட்ராஸுக்கு விடமாட்டாரு. போயிட்டு வந்து நானே சொல்றேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மறுநாள் ஏழு. அதற்கு அடுத்த நாளும் ஏழுதான். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் ஒரே நாளில் ஐந்து.

ஐந்து என்று கேட்டதும் நான் கீழே ஓடி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் பிள்ளைகள் சொல்லாமல் இருந்துவிட்டுக் காலமெல்லாம் அழுவார்கள். நான் அப்படி இல்லை. சத்தியத்தை மீறிச் சொன்னேன். மின்னுகிறது, பூச்சி பறக்கிறது, கறுப்புச் சீலை இறங்குகிறது, பத்துத் தோல் ஐந்தாகிவிட்டது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா அத்தாவிடம் சொன்னார். அத்தா பி.டி. சாருக்குச் சொல்லி அனுப்பினார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

என்ன நடந்தது தெரியுமா? அம்மா, "பொழுதன்னைக்கும் வெயில்ல கல்லு மேல நின்னா கண்ணு சூடாகாம என்ன செய்யும்" என்று நல்லெண்ணெய் காய்ச்சித் தலையில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். குனியவைத்துச் சீயக்காய் போட்டுக் குலுக்கி அலசினார். நந்தியாவட்டைப் பூவை நனைத்து இமைமேல் வைத்தார். அத்தா கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய் இன்னும் தடிமனாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. குளத்துக்குப் போடும் மருந்து கண்ணைக் கரித்திருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று பி.டி. சார் சொல்லி அனுப்பினார். ஒருவர்கூட அலட்சியமாக இல்லை. இருபது கைகள் அந்த ஒரு கண்ணைத் தாங்கின. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "சொல்லிட்டியா? சரி விடு. சூடுதானாம். நல்லதாப் போச்சு" என்றான். அவனும் நம்பினான். நம்ப ஆசைப்பட்டான் என்பதுதான் சரி. அந்த வாரமும் கிணற்றுக்குப் போய்த் தலைகீழாக இருபது தடவை இறங்கினான். படி காய்ந்து கிடந்தது. நான் கைதட்டினேன்.

அவன் மெட்ராஸ் போய்த் திரும்பிய அன்று ஸ்டேஷனுக்கு அத்தாவுடன் நானும் போயிருந்தேன். நான் அவனுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் முகம் முழுவதையும் திருப்பி என்னைப் பார்த்தான்.

"நாலாவது எடம்" என்றான்.

"படி?"

"காஞ்சு கெடந்துச்சு புள்ள. அஞ்சு தடவையும்."

அதற்குப் பிறகு முற்றத்துத் தோலை எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மூக்குப் பக்கமும் இல்லை, காதுப் பக்கமும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அத்தா அவனை மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, முகத்தில் எங்கேயாவது பலமாக அடிபட்டதா என்று கேட்டாராம். அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அண்ணன், "இல்லைங்க டாக்டர்" என்றானாம். அம்மா இதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் கல்லூரியை முடித்தான், மண்டியில் உட்கார்ந்தான், கல்யாணம் செய்தான், பேரன்களை எடுத்தான். ஒற்றைக் கண்ணோடு தோலின் தரம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மறுபடி அவன் கிணற்றுப் பக்கம் போகவில்லை. அந்தக் கிணறும் இப்போது இல்லை, மேலே வீட்டுமனை. கண்ணாடி டப்பியை நான்தான் எங்கோ தொலைத்தேன்.

ஆனால் அந்த ஐந்தாவது டைவ் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை. எந்த நிக்காஹ்வாக இருந்தாலும், பிரியாணி இறங்கியதும் அத்தா ஆரம்பித்துவிடுவார். "மதுரையில ஒரு குதி குதிச்சான் பாருங்க, மார்க்கு போட்டவய்ங்க எந்திரிச்சு ஓடுனாய்ங்க! நான் ஒரு சத்தம் குடுத்தேன், அதுல வந்த வேகம்!" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். அத்தா கண்ணை மூடும்வரை அந்தக் கதையைச் சொன்னார். அண்ணன் ஒரு நாளும் திருத்தவில்லை.

அத்தா போன பிறகு நான் ஒரு தடவை அவனிடம் கேட்டேன். "அன்னைக்குத் தோத்துட்டு எதுக்குண்ணே எங்களப் பாத்துக் கைய ஆட்டுன?"

"அம்புட்டுப் பேரு லாரி ஏறி வந்து கை தட்டுறீங்க. என்னன்னு சொல்லச் சொல்ற?" என்றான். பிறகு, "மொதல்ல தட்டுனது நீதானே? அந்தக் கை எனக்குத் தெரியும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அறுவை முடிந்து கட்டு அவிழ்த்த அன்று அந்தச் சின்ன டாக்டரம்மாவிடம் நானே பேச்சைத் திறந்தேன். என் அண்ணனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் கீரனூர்க்காரி ஒருத்தி இருந்தாள். அவள் சொந்தத்தில் யாருக்கோ என்று ஒரு பொய்யைச் சொல்லி, தண்ணீரில் தட்டையாக விழுந்தால் அந்தத் திரை இறங்குமா என்று கேட்டேன்.

"ஏனுங்கக்கா, எஞ்சொந்தத்துல அப்பிடி யாருமில்லீங்களே" என்று அவள் குறுக்கே வந்தாள். நல்லவேளை, டாக்டரம்மா காதில் விழவில்லை.

"கண்டிப்பா இறங்கும். அதுவும் தடிமனான கண்ணாடி போட்டவங்களுக்குச் சீக்கிரம். தலைய ஆட்டாம அசையாமப் படுக்க வச்சு ஒடனே கொண்டு வந்திருக்கணும்."

"அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் வைத்தியம் ஏதும்மா?"

"ஏன் இல்ல? மெட்ராஸ்ல அப்பவே செஞ்சாங்க. எல்லாருக்கும் சரியாகும்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

மெட்ராஸ். அவன் ரயில் ஏறிப் போய், ஐந்து தடவை தலைகீழாகக் குதித்துவிட்டு வந்த அதே மெட்ராஸ். போக விடமாட்டார்களோ என்று பயந்து சத்தியம் வாங்கினானே, அந்த ஊர். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போது எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. போன வாரம் பெருநாளுக்கு அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினோம். வாசலில் பிள்ளைகளுக்காகப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அண்ணனின் கொள்ளுப்பேரனுக்கு ஆறு வயது. யாரோ அவனுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். ஸ்டூல் மேல் ஏறி நின்று, "எல்லாரும் பாருங்க, தாத்தா மாதிரி குதிக்கப் போறேன்" என்று கத்திவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டியில் தொப்பென்று விழுந்தான். தண்ணீர் வாசல்படி மூன்றையும் தாண்டித் தெறித்தது. மேல்படியில் உட்கார்ந்திருந்த என் சேலையும் நனைந்தது.

பையன் மூச்சு வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நேரில் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"இப்பிடித்தானே குதிச்சாரு தாத்தா?"

வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தா சாயல், அம்மா சாயல், அண்ணன் சாயல் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஆமாய்யா, இப்பிடியேதான்" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.